ஓம் விதியில் விடுபட்டுப்போன ‘ஆ’

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய வாசகர் கூட்டத்தில், அறிவியலும் பிற கதையாடல்களைப் போல இன்னொரு கதையாடல்தான், அதற்கெனத் தனியான உண்மை மதிப்பு எதுவும் கிடையாது என்று ஒரு நண்பர் விரிவாகப் பேசினார். பேச்சின் நடுவே ‘ஓம் விதி உள்பட’ என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தையைப் போட்டார். எதிர்த்துப் பேசியவர் எழுந்து, ஓம் என்கிற மேதையைத் தத்துவவாதிகள் எப்படி விரட்டியடித்தார்கள், கடைசியில் உண்மை எப்படி வென்றது என்கிற கதையைச் சொன்னார். இரண்டு பேருக்கும் கைதட்டல் கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த விதி தெரியும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். புரிந்ததில்லை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தச் சமாதானம் செல்லவில்லை. இந்தக் கட்டுரை அதன் விளைவு.

பள்ளியில் எனக்கு இருந்த சந்தேகம் இதுதான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது மின்தடை என்று ஒரு பக்கத்தில் வரையறை கொடுக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் வரும், இது ஓம் விதி என்கிறார்கள். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு. அப்படியென்றால் நான்கை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு வரத்தானே செய்யும்? இதிலே விதி எங்கே இருக்கு? கேட்டேன். ‘மார்க் வாங்கற வழியப் பாரு’ என்பது பதில். ஓம் என்ற ஜெர்மானியக் குடும்பப் பெயரைப் பிரணவத்தோடு முடிச்சுப் போட்டு, எல்லாம் நம்மகிட்ட ஏற்கெனவே இருந்ததுதான் என்று விளக்கிய பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த முடிச்சைவிட வாத்தியாரின் பதில் நேர்மையானது.

விதியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். 1800இல் வோல்ட்டா தன் அடுக்கு மின்கலத்தை அறிவித்தார். 1820இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். இந்த இரண்டுக்கும் பிறகும்கூட வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற அளவுகள் கிடையாது. அளவுகள் மட்டுமல்ல, அவை எதை அளக்கின்றனவோ அந்தக் கருத்துகளே தெளிவாக இல்லை. ஆம்பியர் 1820இல் ‘மின் இழுவிசை’ என்பதையும் ‘மின்னோட்டம்’ என்பதையும் பிரித்துக் காட்டினார். பெரிய காரியம்தான். ஆனால் சுற்று மூடப்பட்டு ஓட்டம் தொடங்கியதும் இழுவிசை மறைந்துவிடும் என்றே அவர் கருதினார். மூடாத கலத்தில் இழுவிசை, மூடிய சுற்றில் ஓட்டம். ஒன்று இருக்குமிடத்தில் மற்றது இல்லை. அப்படியானால் இரண்டுக்கும் என்ன விகிதம் என்ற கேள்வியையே கேட்க முடியாது. இறந்தவனுக்கும் அவன் மறுபிறவிக்கும் என்ன சண்டை என்று கேட்பது மாதிரி. என் பள்ளிச் சந்தேகத்தின் விடை இங்கேதான் ஒளிந்திருந்தது. மூன்று பொருள்கள் முன்கூட்டியே தயாராக இருந்து, அவற்றுக்கிடையே ஓர் உறவை ஓம் கண்டுபிடித்தார் என்பதல்ல வரலாறு. அந்த உறவைத் தேடிய முயற்சியில்தான் மூன்றும் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தன.

தேடியவர் அவர் மட்டுமல்ல. இங்கிலாந்தில் பீட்டர் பார்லோ, கம்பியின் நீளம் கூடக்கூட விளைவு நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது என்று 1825இல் எழுதினார். இருநூறு அடிக்குள்ளேயே விளைவு மிகவும் குறைந்துவிடுவதால் மின்தந்தி நடைமுறைக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கும் வந்தார். அளந்துதான் சொன்னார். அளந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

கியோர்க் சிமோன் ஓம் 1789 மார்ச் 16ஆம் தேதி பவேரியப் பகுதியிலுள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. தானே படித்துக் கணிதமும் தத்துவமும் கற்றவர், பிள்ளைகளுக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். தாய் ஒரு தையற்காரரின் மகள். பையனுக்குப் பத்து வயதிருக்கும்போது இறந்துவிட்டார். 1805இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மகன் நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று திரிந்ததில் அப்பாவுக்குக் கோபம். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. சுவிட்சர்லாந்தில் வாத்தியார் வேலை, திரும்பி வந்து 1811இல் டாக்டர் பட்டம், சம்பளம் போதாத விரிவுரையாளர் வேலை, பாம்பெர்க் நகரில் மட்டமான ஒரு பள்ளி, அந்தப் பள்ளியும் 1816இல் மூடல். வேலை தேடி அலைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வடிவகணிதம் கற்பிப்பது பற்றி எழுதிய புத்தகத்தைப் பிரஷ்ய அரசருக்கு அனுப்பிவைத்தார். 1817இல் கொலோன் நகரில் பழைய ஏசுசபையினர் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் இடம் கிடைத்தது. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பூட்டுப் பட்டறையில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? கருவிகளைத் தானே செய்துகொண்டார்.

1825இல் அவர் வெளியிட்ட முதல் விதி தவறு. இதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. கம்பியின் நீளத்துக்கும் காந்த ஊசியின் மீதுள்ள விசை குறைவதற்கும் மடக்கை வடிவில் ஓர் உறவை அறிவித்தார். அவர் கணக்குத் தெரியாதவரல்ல; தவறு மின்கலத்தில் இருந்தது. செம்பும் துத்தநாகமும் அமிலமும் கொண்ட அன்றைய கலம், சுற்றை மூடியவுடன் வேகமாகப் பாய்ந்து, பிறகு தளர்ந்து, சற்றுத் திறந்துவைத்தால் மறுபடி தெம்படையும். அப்படிப்பட்ட கலத்தை வைத்து ஒரு கம்பியை இப்போது அளந்து இன்னொரு கம்பியை ஐந்து நிமிடம் கழித்து அளந்தால், அளக்கப்படுவது கம்பியா கலமா? ஆய்விதழ் ஆசிரியராக இருந்த பொக்கென்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: அமிலக் கலத்தை விட்டுவிடு, வெப்ப மின்னிணையைப் பயன்படுத்து. இரண்டு உலோகங்களை இணைத்து ஒரு சந்திப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் எழும் என்று சீபெக் 1821இல் கண்டறிந்திருந்தார். வலு மிகவும் குறைவு. ஆனால் கொதிக்கிற தண்ணீரும் உருகுகிற பனிக்கட்டியும் ஏமாற்றாது. காலையிலும் மாலையிலும் ஒரே வெப்பநிலைதான்.

1826 ஜனவரியில் நடந்த சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிஸ்மத் உலோகச் சட்டம் ஒன்று, அதன் இரு முனைகளிலும் செம்புப் பட்டைகள். ஒரு சந்திப்பு கொதிநீரில், மற்றது பனியில். மேலே தட்டையாக்கிய தங்கக் கம்பியில் தொங்கும் காந்த ஊசி. ஊசி விலகியதும் தங்கக் கம்பியை முறுக்கி அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எவ்வளவு முறுக்கினோமோ அதுதான் மின்னோட்டத்தின் அளவு. பிறகு ஒரே கனமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகள்: 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாகச் சுற்றில் சேர்த்து முறுக்கைக் குறித்துக்கொள்வது. ஜனவரி 8ஆம் தேதி கிடைத்த முதல் வரிசையில் 2 அங்குலக் கம்பிக்கு 326¾. 34 அங்குலத்துக்கு 134½. 66 அங்குலத்துக்கு 83¼. 130 அங்குலத்துக்கு 48½.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். நீளம் 65 மடங்கு கூடியிருக்கிறது. ஓட்டம் ஏழு மடங்குகூடக் குறையவில்லை. ‘தடை இரட்டித்தால் ஓட்டம் பாதி’ என்று பள்ளியில் படித்தது எங்கே போச்சு? ஓம் கண்ட சமன்பாட்டைத் தமிழ் எழுத்தில் இப்படி எழுதலாம்: ஓட்டம் = அ ÷ (ஆ + நீளம்). அன்றைய வரிசைக்கு அ 7285, ஆ 20¼. போட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு 7285ஐ 22¼ஆல் வகுத்தால் 327க்குச் சற்று மேல், அளந்தது 326¾. நூற்று முப்பதுக்கு 48½, அளந்ததும் அதுவே. முப்பத்துநாலுக்கு 134க்குச் சற்று மேல், அளந்தது 134½. அறுபத்தாறுக்கு மட்டும் ஒன்றேகால் அளவு பிசகுகிறது. பிசகியதையும் அப்படியே அச்சிட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்துப் பார்த்தார்: அ மட்டும் சரிந்தது, ஆ அதே 20¼. ஆக, அ என்பது உந்துகிற சக்தி. ஆ?

இந்த ‘ஆ’தான் நான் சொல்ல வந்த விஷயம். அது வெளியே சேர்த்த எட்டுக் கம்பிகளுக்கும் சொந்தமில்லை. பிஸ்மத் சட்டம், செம்புப் பட்டைகள் என்று சுற்றின் மீதிப் பகுதி மொத்தமும் சேர்ந்து தருகிற தடை. இருபதேகால் அங்குலச் செம்புக் கம்பிக்குச் சமமான தடை. அதாவது மின்சாரத்தைத் தருகிற மூலமே ஒரு தடையைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஓம் எழுதிய விதியில் இது வெளித்தடைக்குப் பக்கத்தில் சம மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது. பள்ளி தந்த விதியில் அது காணாமற் போய்விட்டது. மூலம் தூய்மையானது, கொடுப்பது மட்டுமே அதன் வேலை, தடையெல்லாம் வாங்குகிறவன் பக்கத்தில்தான் என்பது போன்ற ஒரு படம் நம் மனதில் பதிக்கப்பட்டுவிட்டது. இதற்குச் சதியெல்லாம் தேவையில்லை, கணக்கு எளிதாகட்டும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் விட்டதன் விளைவு, விதி ஒரு பெருக்கல் வாய்ப்பாடாகச் சுருங்கியது.

‘ஆ’ இல்லாமல் அந்தக் காலத்துக் குழப்பங்களை அவிழ்த்திருக்க முடியாது. அன்று மின்னோட்டத்தை உணர, ஊசியைச் சுற்றிக் கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றுகிற ‘பெருக்கி’ என்ற கருவி இருந்தது. அமிலக் கலத்தோடு இணைத்தால் சுற்று கூடக்கூட ஊசி அதிகம் விலகியது. வெப்ப மின்னிணையோடு இணைத்தால் சுற்றைக் கூட்டிப் பயனில்லை. ஆகவே வெப்ப மின்சாரம் வேறு சாதி, அமில மின்சாரம் வேறு சாதி என்று நினைக்க இடமிருந்தது. ஓமின் வகுத்தல் அந்தச் சாதிப் பிரிவினையை ஒழித்தது. அமிலக் கலத்தின் உள்தடை பெரியது. அதோடு கொஞ்சம் கம்பி சேர்ந்தால் ஓட்டம் பெரிதாகக் குறையாது, சுற்றுகளின் லாபம் மிஞ்சும். வெப்ப மின்னிணையின் உள்தடை சிறியது. கம்பியைச் சேர்த்தவுடன் ஓட்டம் விழுந்துவிடும், லாபம் நஷ்டத்தில் போகும். மின்சாரம் ஒன்றுதான், ‘ஆ’தான் வேறு.

என் சித்தப்பா ஒருவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவேயில்லை. ‘பழைய டார்ச் பேட்டரிய மீட்டர்ல வச்சா ஒன்றரை வோல்ட்டு காட்டும்டா. பல்ப மாட்டு, எரியாது. உள்ள செத்துப்போச்சுன்னு அர்த்தம். இதுக்கா ஜெர்மனிவரைக்கும் போன?’ என்றார். மீட்டர் வைக்கும்போது ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. உள்தடை எதையும் தின்னவில்லை. பல்பை மாட்டி ஓட்டம் எழுந்ததும் மூலமே பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. ஆம்பியர் பிரித்துவைத்த இழுவிசையும் ஓட்டமும் இங்கே ஒரே சுற்றில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சித்தப்பாவின் அறிவையும் ஓமின் அறிவையும் ஒன்று என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். நம் வட்டத்தில் அப்படிச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஒன்றல்ல. சித்தப்பாவுக்கு ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனியாகத் தெரியும். 130 அங்குலத்துக்கு என்ன வரும் என்பதை 2 அங்குலத்தை வைத்துச் சொல்ல ஓமுக்குத்தான் முடிந்தது. அந்த வித்தியாசத்தை மறைப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை அல்ல.

கொலோன் பள்ளியில் பாதிச் சம்பளத்தோடு ஓராண்டு விடுப்பு வாங்கி, 1826இல் ஓம் பெர்லினுக்குப் போனார். கணித அறிஞரான தம்பி மார்ட்டின் அங்கே இருந்தார். 1827இல் ‘மின்சுற்று, கணித முறையில்’ என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வந்தது. அதில் வெப்பம் பரவுவது குறித்து ஃபூரியே 1822இல் எழுதிய கணிதத்தை மாதிரியாகக் கொண்டு, கம்பியில் மின்சாரம் பரவுவதை வகுத்துரைத்தார். இந்த நூலில் அந்த எட்டுக் கம்பிகள் ஏறத்தாழ இல்லை. சோதனை கோட்பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. எனக்குப் படுவது இது: பல்கலைக்கழக நாற்காலி வேண்டிய ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன், தன் கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு எழுதிய நூல் அது. கைவேலையைக் காட்டினால் வாத்தியார், கணிதத்தைக் காட்டினால் பேராசிரியர். கணக்குப் பொய்த்தது. அன்றைய ஜெர்மன் இயற்பியலாளர் பலருக்கு ஃபூரியேயின் கணிதம் பழக்கமில்லை. படிக்கக் கூடியவர்களுக்கோ நிரூபணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது.

இங்கேதான் ஹெகல் கதை வருகிறது. 1827இல் ஹெகலும் அவரைச் சார்ந்தவர்களும் பெர்லினில் ஒரு விமர்சன இதழைத் தொடங்கினார்கள். அதில் 1828இல் ஓமின் நூலைக் கடுமையாக விமர்சித்தவர் போல் என்ற இயற்பியலாளர். இவர் 1826இல் மின்சுற்றின் இயக்கம் குறித்து ஒரு நூல் எழுதியிருந்தார். ஹெகல் தம் தத்துவக் கலைக்களஞ்சியத்தில் அதைப் பாராட்டிக் குறிப்பிடுகிறார். மின்சுற்றை எதிரெதிர் ஆற்றல்களின் உயிருள்ள ஒரு முழுமையாகப் பார்த்தவர் போல். கணிதம் அந்த முழுமையின் உள்ளே போகாமல் வெளியே நின்று அளக்கிறது என்பது அவர் நிலை. பிரஷ்யக் கல்வி அமைச்சகத்திலும் ஹெகல் பக்கத்தவர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். ஓமுக்குப் பல்கலைக்கழகப் பதவி வரவில்லை. 1828இல் கொலோன் வேலையையும் விட்டுவிட்டுப் பெர்லினில் ராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1833இல்தான் நியூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைத்தது.

கூட்டத்தில் இரண்டாவதாகப் பேசிய நண்பருக்கு இந்த இடம் அல்வா மாதிரி: உளறுகிற தத்துவவாதி, ஒடுக்கப்பட்ட உண்மை. ஆனால் போல் உளறவில்லை. சுற்றை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றார் அவர். ஓமின் சமன்பாடு செய்ததும் அதைத்தானே? ஓர் ஓரத்தில் பத்து அங்குலக் கம்பியைச் சேர்த்தால் மூலத்துக்குள் ஓடுகிற ஓட்டமும் குறைகிறது. எந்தப் பகுதியும் தனித்து நிற்கவில்லை. முழுமை என்று போல் பெயர் சொல்லி அழைத்ததை ஓம் கூட்டல் குறியில் எழுதினார். போல் பார்க்கத் தவறியது இதைத்தான். ஓமும் ஒன்றைத் தவறவிட்டார்: மின்சாரம் எங்கிருந்து எழுகிறது என்ற கேள்வியில் அவர் உலோகங்கள் தொட்டுக்கொள்வதே காரணம் என்ற கட்சியில் இருந்தார், கலத்தில் நடக்கும் வேதிவினையை வலியுறுத்தியது எதிர்க்கட்சி. வேடிக்கை, அந்தச் சண்டை எப்படித் தீர்ந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் ஆசிரியரின் கோட்பாட்டை விட்டுப் பிரிந்து தனியே வாழ்கிற பிரதி என்று நாம் இலக்கியத்தில் சொல்வோமே, அதுபோல.

ஓமுக்கு முன்பே ஒருவர் இதைக் கண்டிருந்தார் என்பது தனிக்கதை. ஹென்றி கேவெண்டிஷ், இங்கிலாந்தின் பெரும் பிரபுக் குடும்பத்துக்காரர், உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாய்களின் வழியே மின்சாரத்தைத் தன் உடம்புக்குள் விட்டு, அதிர்ச்சி எவ்வளவு என்று தானே உணர்ந்து ஒப்பிட்டு, 1781இலேயே ஏறத்தாழ இதே உறவுக்கு வந்துவிட்டார். வெளியிடவில்லை. வேலை தேட வேண்டியவனுக்குத்தான் வெளியீடு வேண்டும்; அவருக்கு என்ன அவசியம்? அந்தத் தாள்களை மேக்ஸ்வெல் பதிப்பித்தது 1879இல். ஒரு நூற்றாண்டு அலமாரியில் கிடந்த உண்மை. அதை உண்மை என்று சொல்லலாம். வரலாறு என்று சொல்ல முடியாது.

ஏற்பு மெதுவாக வந்தது. லைப்சிக்கில் ஃபெக்னர் 1831இல் விரிவான அளவீடுகளோடு விதியை உறுதிசெய்தார். ரஷ்யாவில் லென்ஸ் அதைக் கையாண்டார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது. அதே ஆண்டு நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1843இல் வீட்ஸ்டன், தடையை அளக்கும் முறைகளைப் பற்றிப் பேசும்போது ஓமை அடிப்படையாக வைத்தார். வீட்ஸ்டன் தந்தித் தொழிலில் பங்குள்ளவர் என்பதை மறக்கக் கூடாது. பார்லோ முடியாது என்ற தந்தி அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர்களுக்கு, எத்தனை மைல் கம்பிக்கு எத்தனை கலம் என்ற கணக்கு வேண்டியிருந்தது.

அதன் பிறகு நடந்தது நம் கதைக்கும் பக்கத்தில் வருகிறது. 1858இல் அட்லாண்டிக் கடலடிக் கேபிள் போடப்பட்டது. கம்பெனியின் தலைமை மின்னியலாளர் வைட்ஹவுஸ். கேபிளில் சைகை எவ்வளவு தாமதமாகும் என்பதை வில்லியம் தாம்சன், ஓமும் ஃபூரியேயும் வகுத்த வழியில் ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார். கனமான, தடை குறைந்த செம்பு வேண்டும் என்றார். வைட்ஹவுஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஐந்தடி நீளத் தூண்டுசுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தில் அடித்தார். விக்டோரியா ராணியின் 98 வார்த்தைச் செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது. ஏற்கெனவே பழுதுகள் இருந்த கேபிள் சில வாரங்களில் செத்தது. அடுத்தது செங்கடல் வழியாக இந்தியாவுக்கு. 1857 கிளர்ச்சி கொடுத்த பயத்தில் அவசர அவசரமாகப் போட்ட கேபிள். 1859லும் 1860லும் போடப்பட்டு, உருப்படியாக வேலை செய்யும் முன்னே கெட்டது. கேபிள் செத்தாலும் பங்குதாரர்களுக்கு வட்டி நிற்காது என்று பிரித்தானிய அரசு உத்தரவாதம் கொடுத்திருந்ததுதான் அதில் பெரிய வேடிக்கை. விசாரணைக் குழு உட்கார்ந்தது. செம்பின் தூய்மையை, தடையை, காப்பை எல்லோரும் ஒரே அளவில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது. 1861இல் பிரித்தானிய அறிவியல் சங்கம் தடைக்கு ஓர் அலகை நிர்ணயிக்கக் குழு போட்டது. மேக்ஸ்வெல் அதில் வேலை செய்தார். ஜெர்மனியில் சீமென்ஸ், ஒரு மீட்டர் பாதரசத் தம்பத்தைத் தன் அலகாக முன்வைத்தார். அதே 1861இல் அலகுகளுக்கு அறிஞர் பெயர் வைக்கலாம் என்று யோசனை சொன்ன இரண்டு கேபிள் பொறியாளர்கள், ஓமின் பெயரை அழுத்தத்துக்கும் வோல்ட்டாவின் பெயரைத் தடைக்கும் கொடுத்தார்கள், பிறகு மாறிப்போனது. 1881இல் பாரிஸ் மாநாடு இன்றைய பெயர்களை உறுதிசெய்தது. ஓம் அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன், 1854 ஜூலை 6ஆம் தேதி மியூனிக்கில் இறந்துவிட்டார். இயற்பியல் பேராசிரியர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தது இரண்டே ஆண்டுகள்.

ஆக, முதல் நண்பர் பாதி சரி. ஓம் என்ற அலகு பேரரசின் கேபிளில் பிறந்தது. டில்லியைக் கண்காணிக்க லண்டனுக்கு அது தேவைப்பட்டது. இதை எந்த இயற்பியல் புத்தகமும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் மீதிப் பாதியை அவர் எங்கே வைப்பார்? 1858இல் அதிகாரம் முழுதும் வைட்ஹவுஸ் பக்கம் இருந்தது. மூலதனம், பதவி, ராணியின் செய்தி எல்லாம் அவர் கையில். கதையாடலை அவரால் எப்படி வேண்டுமானாலும் அமைத்திருக்க முடியும். செம்பு கேட்கவில்லை.

செம்பு எப்போதும் ஓமின் பேச்சைக் கேட்கும் என்றும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் அது வரையறை அல்ல, விதி என்பதற்கான ஆதாரம் இருக்கிறது. என் பள்ளிச் சந்தேகத்துக்குக் கடைசி பதில். வரையறை பொய்க்காது, விதி பொய்க்கக் கூடும். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் குண்டு பல்பின் தடை 529 ஓம். அணைத்து ஆறவிட்டு அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் பட்டென்று போவது இதனால்தான். டையோடு ஒரு திசையில் விடும், மறுதிசையில் விடாது. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் இங்கேயும் ஓர் எண் வரும். ஆனால் அந்த எண் நிலைத்து நிற்காது. நிலைத்து நிற்கிறது என்பதுதான் விதி. உலோகங்களுக்கு, வெப்பநிலை மாறாதவரை. 1876இல் மேக்ஸ்வெல்லும் கிரிஸ்டலும் மிக நுட்பமாகச் சோதித்து, உலோகக் கம்பியில் அது பிசகவில்லை என்று கண்டார்கள். வலு குறைந்த வெப்ப மின்னிணை ஓமுக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது இப்போது தெரிகிறது: அவருடைய கம்பிகள் சூடாகவே இல்லை.

ஒரு சொல் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அரசியல் எதிர்ப்புக்கும் மின்தடைக்கும் ஒரே சொல். நாம் எதிர்ப்பு வேறு, தடை வேறு என்று பிரித்துக்கொண்டோம். கோட்பாட்டுக் கட்டுரைகளில் ‘எதிர்ப்பு’ என்று எழுதும்போது நாம் வீரத்தைத்தான் நினைக்கிறோம். மின்தடையில் வீரம் எதுவும் இல்லை; அது எந்தப் பக்கமும் இருக்கும், மூலத்தின் வயிற்றுக்குள்ளும் இருக்கும். அந்தப் பொருளில் தமிழ்ச்சொல் தெளிவாகவே இருக்கிறது.

எங்கள் ஊரில் டிரான்ஸ்பார்மர் பெரிய தெருவில் இருக்கிறது. காலனிக்கு வருகிற லைன் அங்கிருந்து சுற்றிக்கொண்டு வரும். கடைசிப் போஸ்ட் கடைசி வீட்டைத் தாண்டி நிற்கும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பெரிய தெருவில் எரிவது போலக் கடைசி வீட்டில் எரியாது. வழியில் உள்ள கம்பி நாலு ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆம்பியர் இழுத்தால் நாற்பது வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 230 கிளம்பினால் 190தான் வந்துசேரும். தண்ணீர் மோட்டாரோ வோல்ட் குறைந்தால் அதிகமாக இழுக்கிற ஜந்து. அதிகம் இழுத்தால் இன்னும் குறையும், காயில் கருகும். ‘லோ வோல்டேஜ்தான்டா எனக்குச் சோறு போடுது’ என்று சித்தப்பா சிரிப்பார். கருகுவது அவர் தெரு மோட்டாரும்தான். கடைசி வீட்டிலிருந்து பார்த்தால் மூலம் என்பது டிரான்ஸ்பார்மர் மட்டுமல்ல, அங்கிருந்து வருகிற கம்பி முழுவதும். அதுதான் எங்கள் ‘ஆ’.

பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு எழுதும் வேலை, எம்.ஏ. படித்தவன் என்பதால் என்னிடம் வந்தது. ‘காலங்காலமாக எங்கள் தெருவுக்கு இழைக்கப்பட்டுவரும் அநீதி’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். சித்தப்பா கேட்டு முடித்தார். பிறகு பட்டறைக்குள் போய் மீட்டரையும் டாங் டெஸ்டரையும் எடுத்து வந்தார். ‘நல்லாத்தான் எழுதியிருக்க. அதுக்குக் கீழ இதையும் எழுது. எத்தனாவது போஸ்ட்டுல எத்தன வோல்ட்டு, எத்தன ஆம்ஸ்னு, ஒவ்வொரு வீடா, ஏழு மணிக்கு.’

அன்றைக்குச் சாயங்காலம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். பெரிய தெரு முனையிலிருந்து தொடங்கினோம். அவர் சொல்லச் சொல்ல, போஸ்ட் எண்ணை ஒரு பத்தியிலும் வோல்ட்டை இன்னொரு பத்தியிலும் குறித்துக்கொண்டே வந்தேன்.